வாரக்கடைசித் தக்காளி

ஐயா, வணக்கம்.

பெங்களூரை அடுத்த சர்ஜாபூர் பக்கம் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் காய்கறி போட்டிருக்கிறோம். சனி, ஞாயிறுதான் போக முடிகிறது. தக்காளி அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறது. போன வாரம் கோடை மழை வந்ததும் மிச்சமிருந்த பழங்களும் வெடித்துவிட்டன. சுண்ணாம்புச்சத்துக் குறைவு, முட்டை ஓடு போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர்

அன்புள்ள வாசகிக்கு,

போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அது கரைந்து மண்ணில் சேர்வதற்குள் இந்தச் செடியின் ஆயுள் முடிந்துவிடும். அடி கறுப்பது தொற்று நோயல்ல. மண்ணில் பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்து இருக்கும், காயின் அடிவரை போய்ச் சேர்வதில்லை. அதைச் சுமந்து போவது தண்ணீர்தான். ஐந்து நாள் காயப்போட்டுவிட்டு சனிக்கிழமை குளமாகக் கட்டினால் எப்படிப் போய்ச் சேரும்? வெடிப்புக்கும் காரணம் அதுதான். மண் காய்ந்து கிடந்ததில் தோல் இறுகிய பழத்துக்குள் திடீரென்று தண்ணீர் ஏறுகிறது. மழையைத் திட்டாதீர்கள்.

நானும் பட்டவன்தான். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். ஏப்ரலில் மழையும் இல்லை. அரிசி களைந்த தண்ணீர், காய் அலம்பிய தண்ணீர் எல்லாவற்றையும் பக்கெட்டில் சேர்த்து மாடித் தொட்டிகளுக்கு ஊற்றினேன். சேர்ந்த நாளில் வெள்ளம், சேராத நாளில் வறட்சி. முதல் கொத்து முழுக்க அடி கறுத்தது. ஒரே ஒரு தொட்டி மட்டும் தப்பியது. அதில் வாழைச்சருகைக் கொட்டி வைத்திருந்தேன் (அறிவினால் அல்ல, வேறு இடமில்லை).

சருகு மண்ணின் ஈரத்தைக் காத்தது. நீங்களும் அப்படி மண்ணை மூடி மூடாக்கு போடுங்கள். வைக்கோலோ சருகோ நாலு விரல் கனத்துக்கு, தண்டை ஒட்டாமல். நிலத்துக்காரரிடம் பேசி, வார நாட்களிலும் ஒன்று விட்டு ஒரு நாள் அளவாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் சொட்டுநீர்க் குழாய் போட்டுவிடுங்கள். மேல் மண் காய்ந்திருப்பதை நம்பாமல் விரலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். மழை வரும் போலிருந்தால் நிறம் திரும்பிய காய்களைப் பறித்துவிடுங்கள், வீட்டில் பழுத்துக்கொள்ளும். அப்புறம், யூரியா கொஞ்சம் குறையுங்கள். இலை செழிக்கும், காய்க்கு இந்தக் கோளாறு கூடும்.

ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா ரக்ஷக் தக்காளி ரகத்தைச் சிலர் சொல்வார்கள். நல்ல ரகம், இலைச்சுருட்டை வைரஸைத் தாங்கும். ஆனால் தண்ணீர் முறையை அது திருத்தாது.

கறுத்த காய்களைச் செடியில் விடாதீர்கள். அழுகாமல் இருந்தால் அடியை நறுக்கிவிட்டு மிச்சத்தைத் தொக்கு பண்ணலாம். நாங்கள் அந்த ஏப்ரல் முழுக்கத் தொக்குதான் சாப்பிட்டோம்.