பிட்காயின் போன்ற டிஜிட்டல் பணத்தின் பொதுக் கணக்கேடான பிளாக்செயினில் தனியாக யாரையும் நம்பத் தேவையில்லை என்கிறார்களே, பிறகு போன் வாலட்டில் இருக்கும் பணம் எப்படித் திருடு போகிறது?

பிட்காயின் கணக்கை ஆயிரக்கணக்கான கணினிகள் சரிபார்க்கின்றன, சரி. ஆனால் அனுப்புவது யார் என்பதற்கு அவை பார்ப்பது, சாவி எனப்படும் ரகசிய எண்ணால் போட்ட டிஜிட்டல் கையெழுத்து பொருந்துகிறதா என்று மட்டும்தான். போட்டது நீங்களா, உங்கள் சாவியைச் சுட்டவனா என்பது அவற்றுக்குத் தெரியாது.

போனில்தான் தனிப் பாதுகாப்புச் சிப் இருக்கிறதே என்பீர்கள். ஐபோனில் 2013-இல் வந்த 5எஸ்ஸிலிருந்தே, முதன்மைச் சிப்புக்குள் ஒரு தனிப் பகுதியாக, உண்டு. சிக்கல் என்னவென்றால், அந்தச் சிப் கையெழுத்துப் போடும் கணித முறை பி-256. பிட்காயினும், அதைப் போன்ற இன்னொரு பிளாக்செயினான எத்தீரியமும் பயன்படுத்துவது எஸ்இசிபி256கே1 என்ற வேறு முறை. அதனால் வாலட் செயலி சாவியைச் சிப்பின் துணையோடு பூட்டி வைக்கும். பணம் அனுப்பும்போது பூட்டைத் திறந்து, சாவியை மெமரியில் எடுத்துப்போட்டுத்தான் கையெழுத்திடும். ஒரு நொடிகூட ஆகாது, இருந்தாலும் சாவி வெளியே வந்துவிடுகிறதே!

திருடனுக்கு அவ்வளவு சிரமமும் வேண்டாம். வாலட்டை மீட்கும் 12 சொற்களை நம்மில் பலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுகிறோம். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய ஸ்பார்க்கேட் என்ற திருட்டு நிரல், கேலரிப் படங்களில் உள்ள எழுத்துகளைப் படித்து அந்தச் சொற்களைத்தான் தேடியது. ஆப்பிளின் ஆப் ஸ்டோருக்குள்ளும் அது நுழைந்திருந்தது.

இதற்குத்தான் மூன்று சாவியில் ஏதாவது இரண்டு இருந்தால் திறக்கும் வாலட். நானும் அமைத்தேன்: ஒன்று போனில், ஒன்று லேப்டாப்பில், ஒன்று பீரோவில் காகிதமாக. அப்புறம் போன் மாற்றும்போது பார்த்தால், போன் சாவியின் பேக்கப்பும் லேப்டாப் சாவியின் பேக்கப்பும் ஒரே கிளவுட் கணக்கில்! அந்தக் கணக்கை மீட்க ஓர் எஸ்எம்எஸ் ஓடிபி போதும். என் சிம்மை நகல் எடுத்தவனுக்கு இரண்டு சாவியும் சேர்ந்தே கிடைத்திருக்கும்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும் ரோனின் பிரிட்ஜில் அப்போது 9 சரிபார்ப்பாளர்கள், பணம் எடுக்க அவர்களில் 5 பேரின் கையெழுத்து வேண்டும். நான்கு சாவிகள் ஒரே நிறுவனத்திடம். ஐந்தாவதன் சார்பில் கையெழுத்திட முன்பு எப்போதோ வாங்கிய அனுமதியை ரத்து செய்யாமல் விட்டிருந்தார்கள். 2022 மார்ச்சில் 60 கோடி டாலருக்கு மேல் போனது. ஆறு நாள் கழித்து ஒரு பயனர் பணம் எடுக்க முடியவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது.

நான் மூன்று சாவிகளையும் புதிதாக உருவாக்கினேன். கிளவுடில் இப்போது எதுவும் இல்லை. லேப்டாப்புக்குப் பதில், சாவியை உள்ளேயே வைத்துக் கையெழுத்திடும் தனிக் கருவியான ஹார்டுவேர் வாலட். காகிதம் வேறு ஊரில் அக்கா வீட்டில், ஒட்டிய கவரில். உள்ளே என்ன என்று கேட்காமலே எல்ஐசி பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறார்.