புளி மட்டும் வேண்டாம்!

கேள்வி: ஸ்வீடனில் மால்மோவில் வசிக்கிறேன். பழைய சாமான் சந்தையில் உடம்பெல்லாம் துளை போட்ட ஒரு பித்தளைக் கூரை விளக்கைப் பார்த்து வைத்திருக்கிறேன். 1960-களில் ஹன்ஸ்-ஆக்னே யாகோப்சன் செய்தது என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா? கறுத்துக் கிடக்கிறது, புளி போட்டுத் தேய்த்துவிடட்டுமா?

பதில்: முதலில் புளியைத் தூர வையுங்கள். இந்த விளக்குகள் பலவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத லாக்கர் (வார்னிஷ் மாதிரி) பூச்சு உண்டு. அது உரிந்த இடத்தில் மட்டும் புளி பிடித்து, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆகும், பக்கத்திலேயே பழுப்புத் திட்டு அப்படியே நிற்கும், கரைசல் துளைகளுக்குள் தங்கிப் பச்சைக் களிம்பும் பிடிக்கும். அந்தத் தேன் நிறம் வர அறுபது வருஷம் ஆகியிருக்கிறது, சேகரிப்பவர்கள் தேடுவதே அதைத்தான். மெத்தென்ற துணியால் தூசியைத் துடையுங்கள், போதும்.

யாகோப்சன் 1951-இல் மார்கரீட் என்ற ஊரில் கம்பெனி தொடங்கியவர். பல்பு கண்ணில் அடிக்காமல் வெளிச்சம் மட்டும் வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த மனிதர், அந்தத் துளைகளும் அதற்காகத்தான். கூரையோடு சேரும் மூடியின் உட்பக்கத்தையும் பல்பு ஹோல்டர் பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், கம்பெனி பெயரும் ஊர்ப் பெயரும் போட்ட ஒட்டுச்சீட்டு இருக்கலாம். மாடல் எண் 'டி' (T) என்று தொடங்கினால் கூரை விளக்கு, 'பி' (B) என்றால் மேசை விளக்கு. சீட்டு உதிர்ந்திருந்தால் அது மட்டும் போலிக்கு அடையாளம் ஆகாது, ஆனால் யாகோப்சன் விலையும் கொடுக்காதீர்கள். கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். தகட்டில் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. உள்ளே இருக்கும் திருகில் ஒட்டினால் பரவாயில்லை.

அப்புறம், வயர். பழைய ரப்பர் உறை வளைத்தாலே பொடிப்பொடியாக உதிரும். இந்த விளக்குகளில் நிறைய எர்த் இல்லாதவை, பித்தளையோ கரண்ட் பாயும் உலோகம். மாட்டுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மாற்றி, விளக்கின் உடம்போடு எர்த் இணைக்கச் சொல்லுங்கள். பல்புக்கு 2700 கெல்வின் (இதமான மஞ்சள் வெளிச்சம்) எல்இடி, சூடும் குறைவு.

கேள்வி: யாகோப்சன் விலை கட்டவில்லை என்றால்?

பதில்: உங்கள் மால்மோவிலேயே தொடங்கிய பெர்க்பொம்ஸ் கம்பெனியின் விளக்குகளைத் தேடுங்கள். கண்ணாடியும் பித்தளையும் சேர்ந்தது பிடிக்குமென்றால் ஓரெஃபோர்ஸ் என்ற ஸ்வீடன் கண்ணாடிக் கம்பெனிக்காகக் கார்ல் ஃபாகெர்லுண்ட் வடிவமைத்தவை இருக்கின்றன. அதில் கண்ணாடி விளிம்பை விரலால் தடவி, சில்லு போயிருக்கிறதா என்று பார்த்த பிறகு பேரம் பேசுங்கள்.