மீ தொழிற்சாலையில் நேரடியாக வாங்குவது: கேள்வி பதில்

நான் பினாங்கில் விருந்துச் சமையல் செய்து வருகிறேன். மஞ்சள் மீ (கோதுமை நூடுல்ஸ்), குவே தியாவ் (பட்டையான அரிசி நூடுல்ஸ்), வாண்டான் தோல் (பூரணம் வைத்து மடிக்கும் மெல்லிய மாவுத் தகடு) ஆகியவற்றைத் தொழிற்சாலைகளிலிருந்தே வாங்குகிறேன். அதைப் பற்றி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி (கிள்ளான்): பேரங்காடியில் பொட்டலமாகவே மீ கிடைக்கும்போது தொழிற்சாலைக்கு ஏன் செல்ல வேண்டும்? வீட்டுக்கு வேண்டிய சிறிய அளவைக் கொடுப்பார்களா?

பதில்: வேறுபாடு முழுவதும் நேரத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் மீ பெரும்பாலும் இரவில் தயாராகிறது. கோதுமை மாவுடன் அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், உப்பு, சிறிதளவு காரம் (மிளகாயின் காரமன்று, கார உப்பு) ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, தகடாக்கிச் சிறிது நேரம் ஓய்வுக்கு விட்டு, இடைவெளி படிப்படியாகக் குறையும் இரட்டை உருளைகளுக்கு நடுவே பலமுறை செலுத்தி மெல்லியதாக்கி, இழைகளாக வெட்டி, கொதிநீரில் வேகவைத்து, ஆறவைத்து, எண்ணெய் தடவி, விடிவதற்குள் லாரியில் ஏற்றிவிடுவார்கள். பேரங்காடிப் பொட்டலமோ பல நாட்கள் அலமாரியில் தாக்குப்பிடிக்க வேண்டியிருப்பதால், அதற்கேற்ற பதப்படுத்தலும் சேர்பொருள்களும் தேவைப்படுகின்றன. அதன் விளைவு சுவையிலும் இழையின் உறுதியிலும் தெரியும்.

தொழிற்சாலை வாசலில் இன்னொரு நன்மையும் உண்டு. எப்போது செய்தது, என்னென்ன சேர்த்தது என்ற இரண்டு கேள்விகளையும் செய்தவரிடமே கேட்டுவிடலாம். இந்த இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் இடத்தில் மட்டுமே வாங்குங்கள். விலையையும் பெயரையும் அதற்குப் பிறகு பாருங்கள்.

பழைய நகர்ப்பகுதிகளில் கடைவீடுகளில் நடக்கும் சிறிய குடும்பத் தொழிற்சாலைகள் பல, முன்பக்கத்தில் கிலோ கணக்கில் சில்லறையாகவும் விற்கின்றன. சிங்கப்பூரில் செனோக்கோ, சின் பீ போன்ற தொழிற்பேட்டைகளில் இயங்கும் பெரிய நிறுவனங்களை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு செல்வது நல்லது. லாரிகள் புறப்படும் விடியற்காலையில் போய் அரைக் கிலோ கேட்பது வேலை செய்பவர்களுக்கு இடைஞ்சல். காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் சென்றால் பொறுமையாகப் பேசுவார்கள். பனிக்கட்டி வைத்த பெட்டி ஒன்றை வண்டியில் எடுத்துச் செல்லுங்கள். சீனப் புத்தாண்டையொட்டிப் பல தொழிற்சாலைகள் சில நாட்கள் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (ஈப்போ): நாங்கள் சைவ உணவுக்காரர்கள். மீயின் மஞ்சள் நிறம் முட்டையால் வருவதா?

பதில்: பெரும்பாலான மஞ்சள் மீயில் அந்த நிறத்துக்கும் முட்டைக்கும் தொடர்பில்லை. கோதுமை மாவில் இயல்பாகவே உள்ள ஃபிளேவனாய்டு என்னும் பொருள்கள் காரத்தோடு சேரும்போது மஞ்சளாகின்றன. அந்தக் காரம் சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்தது. சீனர்கள் கான்சுய் என்பார்கள், மலாய்க்காரர்கள் ஆயர் அபு என்பார்கள். இழைக்கு இறுக்கத்தையும் வழுக்கலையும் தருவதும் அதுதான். காரத்தால் மட்டும் கிடைப்பது வெளிர்மஞ்சள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருந்தால் டார்ட்ரசின் போன்ற நிறமி சேர்த்திருக்க வாய்ப்புண்டு. உறையிட்ட மீயாயின் சேர்பொருள் பட்டியலில் அது இருக்க வேண்டும்.

ஆயினும் முட்டை சேர்த்த மீயும் உண்டு. குறிப்பாக வாண்டான் மீக்கு உரிய, வேகவைக்காமல் மாவு தூவி விற்கும் மெல்லிய இழைகளிலும், வாண்டான் தோலிலும் முட்டை இருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்; ஒரே இயந்திரத்தில் முட்டை மாவையும் செலுத்துகிறார்களா என்பதையும் கேளுங்கள். இப்படிக் கேட்பது அவர்களுக்குப் புதிதன்று. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்களில் நடக்கும் ஒன்பது பேரரசர் திருவிழாவின்போது பினாங்கிலும் அம்பாங்கிலும் ஏராளமான சீனர்கள் சைவ விரதம் இருப்பதால், தொழிற்சாலைக்காரர்களுக்கு இந்த அக்கறை நன்றாகவே விளங்கும்.

கேள்வி (சிரம்பான்): மீயில் போரிக் அமிலம் கலக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மஞ்சள் தூளைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அது சரியா?

பதில்: முதற்பகுதி வீண் பயமன்று. மீ கெடாமலிருக்கவும் இழுவை கூடவும் போரிக் அமிலத்தையோ வெண்காரத்தையோ (போராக்ஸ்) சேர்க்கும் வழக்கம் இந்த வட்டாரத்தில் இருந்திருக்கிறது. மஞ்சள் மீயில் அதைச் சேர்ப்பதற்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அனுமதி இல்லை.

இரண்டாம் பகுதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் போரிக் அமிலத்தோடு சேர்ந்து செம்பழுப்பாக மாறுவது உண்மை. ஆய்வுக்கூடங்களில் மஞ்சள் தாள் சோதனை அதன் அடிப்படையில்தான் நடக்கிறது. ஆனால் ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதே, அதுபோல எந்தக் காரமும் மஞ்சளைச் சிவக்கவைக்கும். மஞ்சள் மீயோ காரம் சேர்த்தே செய்யப்படுவது. ஆகவே எந்தக் கலப்படமும் இல்லாத நல்ல மீகூட வீட்டுச் சோதனையில் மஞ்சளைச் சிவக்கச் செய்து, நேர்மையாகத் தொழில் செய்பவர்மீது வீண் பழி விழக் காரணமாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் முதலில் மாதிரியை அமிலமாக்கி, காரத்தின் விளைவை நீக்கிவிட்டுத்தான் தாளை நனைப்பார்கள். சிவந்த தாள் அதன்பின் அம்மோனியா பட்டதும் கரும்பச்சையாகவோ நீலமாகவோ மாறுகிறதா என்றும் பார்ப்பார்கள். இதை அடுப்படியில் செய்ய முயலாதீர்கள். வேகவைத்த மஞ்சள் மீயை வெளியில் வைத்தும் நாட்கணக்கில் புளிக்காமலும் பிசுபிசுக்காமலும் இருந்தால், அந்தக் கடையை விட்டுவிட்டு, பொட்டலத்தோடு சுகாதாரத் துறையிடம் புகார் செய்யுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர், ஈசூன்): புதிதாக வாங்கிய குவே தியாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் கட்டையாகி, வறுக்கும்போது துண்டு துண்டாக உடைந்துவிட்டது. எப்படிப் பாதுகாப்பது?

பதில்: குவே தியாவைப் பாதுகாக்க நினைக்காமல் அன்றைக்கே சமைத்துவிடுவதுதான் சரி. அரைத்த அரிசி மாவைத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, ஆவியில் வேகவைத்து, எண்ணெய் தடவி வெட்டியெடுப்பது அது. வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆறும்போது மீண்டும் இறுகத் தொடங்குகிறது. அந்த இறுக்கம் உறையாத குளிரில், அதாவது குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரி வாக்கில், மிக வேகமாக நடக்கிறது. கட்டையானதை ஆவியில் சில நிமிடங்கள் காட்டினால் பெருமளவு இளகும். இளகிய பிறகே இழைகளைப் பிரிக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பிரித்தால் உடையத்தான் செய்யும்.

அப்படியானால் வெளியிலேயே வைத்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2024 மார்ச் மாதம் தைப்பே நகரில் ஓர் உணவகத்தில் உணவருந்திய பலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, சிலர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் உண்டது வறுத்த குவே தியாவ். விசாரணையில் போங்கிரெக்கிக் அமிலம் என்ற நஞ்சு கண்டறியப்பட்டது. ஒருவகைப் பாக்டீரியா ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் பெருகும்போது இந்த நஞ்சை உண்டாக்குகிறது. ஜாவாவில் தேங்காய்ச் சக்கையைப் புளிக்கவைத்துச் செய்த தெம்பே போங்கிரெக்கை உண்டவர்கள் இறந்ததன் வழியாகத்தான் உலகம் முதலில் இதை அறிந்தது. பின்னர் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஈர அரிசி நூடுல்ஸாலும் இறப்புகள் நேர்ந்தன. இந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. இது அரிதாக நேர்வதுதான் என்றாலும், நம்முடைய தட்பவெப்பத்தில் ஈரமான அரிசி நூடுல்ஸை நாள் முழுவதும் வெளியில் கிடக்கவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. காலையில் செய்ததைக் காலையிலேயே வாங்கி, மதியமோ மாலையோ சமைத்துவிடுங்கள். மாலைவரை ஆகுமென்றால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஆவியில் இளக்கிக்கொள்ளுங்கள். கட்டையாவது சுவைக்குத்தான் குறை.

கேள்வி (ஜொகூர் பாரு): என் மகனுக்குக் கோதுமைப் புரதம் ஒவ்வாது. குவே தியாவ் அரிசிதானே, பயமின்றிக் கொடுக்கலாமா?

பதில்: கேட்காமல் கொடுக்க வேண்டாம். இழை உடையாமலிருக்கப் பல தொழிற்சாலைகள் அரிசி மாவுடன் சோளமாவு, மரவள்ளி மாவு, சில வேளைகளில் கோதுமை ஸ்டார்ச் ஆகியவற்றையும் சேர்க்கின்றன. அதே கட்டடத்தில் மஞ்சள் மீயும் செய்தால் காற்றில் பறக்கும் கோதுமை மாவே போதும். அரிசிப் பொருள்களை மட்டும் செய்யும் இடமாகப் பார்த்து, எழுத்தில் சேர்பொருள் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): வாங்கிய மஞ்சள் மீயில் ஒரு காட்டமான மணம் அடிக்கிறது, மீ கோரெங் (வறுத்த மீ) செய்தால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்கிறது.

பதில்: மணம் காரத்தினுடையது. கொதிநீரில் அரை நிமிடம் அலசி வடித்தால் அதுவும் மேலிருக்கும் பழைய எண்ணெயும் போய்விடும். வடித்த மீயை அகலமான தட்டில் பரப்பி ஈரம் முற்றிலும் உலர்ந்தபின் சட்டியில் போடுங்கள். ஒட்டுவதற்குக் காரணம் ஈரமும், சட்டியின் சூடு தாங்காத அளவுக்கு ஒரே நேரத்தில் அதிகமாகப் போடுவதும்தான். மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடைகளில் ஒன்றிரண்டு தட்டுக்கு மேல் சேர்த்துப் போடாமல் பிரட்டுவதைக் கவனித்திருப்பீர்கள்.

கேள்வி (தைப்பிங்): வேகவைக்காத பச்சை மீ இரண்டு நாளில் சாம்பல் நிறமாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில்: நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வெட்டிய வாழைக்காயைக் கறுக்கவைக்கும் அதே வகை நொதி கோதுமைத் தவிட்டிலும் இருப்பதால், வேகவைக்காத மீ நாளாக ஆக மங்கும். புளித்த வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் எறிந்துவிடுங்கள், இல்லையென்றால் சமைக்கலாம். பச்சை மீயைக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாட்களுக்குமேல் வைக்காதீர்கள். வேகவைத்த மஞ்சள் மீக்கு இரண்டு நாட்களே போதும்.

கேள்வி (சிங்கப்பூர், பொங்கோல்): வாண்டான் தோல், கியோசா தோல், பொப்பியா தோல் மூன்றுக்கும் என்ன வேறுபாடு? சமோசாவுக்கு எதை வாங்குவது?

பதில்: வாண்டான் தோல் சதுரமானது, ஏறத்தாழ 8 முதல் 9 சென்டிமீட்டர் பக்கம் கொண்டது, மிக மெல்லியது, காரம் சேர்ப்பதால் மஞ்சள் சாயலோடு இருக்கும். சூப்புக்கு மெல்லியதையும் பொரிப்பதற்குச் சற்றுத் தடித்ததையும் கேட்டு வாங்கலாம். தொழிற்சாலைகள் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கும். கியோசா தோல் வட்டமானது, வெண்மையானது, பொதுவாக மாவும் தண்ணீரும் உப்பும் மட்டுமே. வேகவைத்துப் பிறகு அடியைச் சிவக்கவைக்கும் கொழுக்கட்டைகளுக்கு அதன் தடிப்பு பொருந்தும்.

பொப்பியா தோல் முற்றிலும் வேறு. அது உருளையில் தேய்ப்பதன்று. நெகிழ்வான மாவுருண்டையைக் கையிலேந்தி, சூடான கல்லில் ஒரு சுழற்று சுழற்றி, மெல்லிய படலம் மட்டும் ஒட்டும்படி எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூரில் ஜூ சியாட் சாலையில் 1938 முதல் இந்தத் தொழிலை நடத்திவரும் குவே குவான் ஹுவாட் கடையில் கையால் செய்வதைக் காணலாம். வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறை சென்று பார்க்க வேண்டும், ஏனெனில் இந்தக் கைத்திறனைக் கற்றுக்கொள்ள முன்வருபவர்கள் குறைவு. இப்படிச் செய்த தோல் அன்றே உண்ண வேண்டியது. பொரிக்காமல் சுருட்டி உண்பதற்கே அது சிறந்தது.

சமோசாவுக்கு உறையவைத்து விற்கும் சதுரப் பொப்பியா தோலை நீள்பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். வாண்டான் தோல் எண்ணெயில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். சுவை நன்றாகவே இருக்கும், ஆனால் அது சமோசாவாகாது.

கேள்வி (பினாங்கு, பிறை): அறுபது பேருக்கு வாண்டான் செய்யவேண்டும். எவ்வளவு தோல் வாங்குவது? முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

பதில்: ஆளுக்கு ஐந்து என்றால் 300, கிழிவதற்கும் உலர்வதற்குமாகப் பத்து விழுக்காடு சேர்த்து 330 தோல்கள். தடிப்புக்கேற்ப ஒரு தோல் 5 முதல் 8 கிராம் எடையிருக்கும். மெல்லியதாயின் இரண்டு கிலோ போதுமானது. தடித்ததாயின் இரண்டரை கிலோவுக்குச் சற்று அதிகமாகவே வேண்டும். வாங்கும்போது அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால், தூவிய ஸ்டார்ச் சரியான அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஓரம் வெடித்திருந்தால் அது நேற்றைய சரக்கு.

வேலை செய்யும்போது அடுக்கை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மூடிவைத்து, ஒவ்வொன்றாக எடுங்கள். இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மடிப்பவர்களின் தோல்கள் சில நிமிடங்களிலேயே விறைத்துவிடும். உபயோகிக்காத தோலைக் காற்றுப் புகாமல் இறுக்கமாகச் சுற்றி உறையவைக்கலாம். முதல்நாள் இரவே ஃபிரீசரிலிருந்து குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றி மெதுவாக இளகவிட வேண்டும், இளகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

பூரணம் வைத்து மடித்த வாண்டானைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பூரணத்தின் ஈரம் தோலை ஊறவைத்து அடியில் ஒட்டவைத்துவிடும். ஆகவே மடித்தவுடன் மாவு தூவிய தட்டில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி உறையவைத்து, கல்லாக இறுகியபின் பையில் அள்ளிக்கொள்ளுங்கள். விருந்தன்று இளக்காமல் அப்படியே கொதிநீரில் போட்டு, மிதக்கத் தொடங்கியபின் மேலும் இரண்டு நிமிடம் வேகவிடுங்கள். கோழியோ இறாலோ வைத்திருந்தால் ஒன்றைப் பிளந்து உள்ளே வெந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பரிமாறுங்கள்.