கோணல் காசும் கப்பல் கதையும்: ஸ்பானிய எஸ்குடோ வாங்குவோர் கேட்டவை

கேள்வி: 1715-இல் மூழ்கிய கப்பலில் கிடைத்த 8 எஸ்குடோ தங்கக் காசு என்று இணையத்தில் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வட்டமாக இல்லை, கோணலாக இருக்கிறது. அதுதான் அசல் என்பதற்கு அடையாளம் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அந்தக் காலத்துக் காசு கோணலாகத்தான் இருக்கும். தங்கத்தைத் துண்டு போட்டு, எடை சரியாகும் வரை ஓரத்தை நறுக்கி, சுத்தியலால் அடித்து முத்திரை பதித்தார்கள். மெக்சிகோ நாணயச்சாலைக்கு இயந்திர அச்சு வந்தது 1732-இல்; ஸ்பெயினின் மற்ற அமெரிக்க நாணயச்சாலைகளில் அதற்கும் பிறகு. ஆனால் அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியிலும் அதே கோணல் அப்படியே வந்துவிடும்.

கையால் நறுக்கிய காசில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. விற்பவரின் படத்தை வைத்து இணையத்தில் படத்தேடல் செய்யுங்கள். அதே விளிம்பு, அதே விரிசலோடு இரண்டாவது காசு ஒன்று கண்ணில் பட்டால் வார்ப்பு வேலை நடந்திருக்கிறது. பூதக்கண்ணாடியில் ஊசி முனை அளவு குழிகளும், ஓரத்தைச் சுற்றி ஒரு கோடும் தெரிந்தாலும் அப்படியே.

அடுத்தது ஆண்டு. விற்பவர் சொல்லும் கப்பல் இருந்த ஸ்பானியக் கப்பற்படை ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் புயலில் சிக்கியது 1715 ஜூலை இறுதியில். காசில் 1716 என்றிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். மெக்சிகோ காசில் ஆண்டு விளிம்பு எழுத்தோடு சேர்ந்து வருவதால் பெரும்பாலும் நறுக்கலில் போய்விடும். லிமா (பெரு) நாணயச்சாலைக் காசில் தூண்கள் உள்ள பக்கத்தில் ஆண்டின் கடைசி எண்கள் இருப்பதால் தப்பிவிடும். ஆண்டு முழுதாகத் தெரிந்தால் விலை ஏறும். அந்த எண்ணைப் பிற்பாடு செதுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? உரைகல்லில் உரசலாமா?

பதில்: உரசாதீர்கள். ஒரு கோடு விழுந்தாலே சேகரிப்பு மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று போதும். 8 எஸ்குடோவின் எடை சுமார் 27.07 கிராம், அதாவது மூன்றேகால் சவரனுக்குச் சற்றுக் கூட. 4 எஸ்குடோ 13.5, 2 எஸ்குடோ 6.77, 1 எஸ்குடோ 3.38. எடை பார்த்த பிறகு, தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீரில் முழுதாக அமிழ்த்துங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 22 காரட்டுக்கு 17.6 முதல் 18 வரை வரவேண்டும். 8 எஸ்குடோவுக்குத் தராசு 1.52 கிராம் அளவில் காட்டும். பித்தளை என்றால் 8.5-தான் வரும். 21-ஐ ஒட்டி வந்தால் மகிழ வேண்டாம்: பிளாட்டினம் மலிவாக இருந்த 19-ஆம் நூற்றாண்டில் அதற்குத் தங்க முலாம் பூசிக் கள்ளக்காசு அடித்திருக்கிறார்கள்.

கணக்கு தப்புவது பெரும்பாலும் காசில் ஒட்டும் காற்றுக் குமிழியால். நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் சரியாகிவிடும். 1 எஸ்குடோவுக்கு இந்தத் தராசு போதாது. மொத்தமே 0.19 கிராம்தான் காட்டும் என்பதால் 0.01 பிசகினாலே விடை மாறிவிடும். அதற்கு 0.001 தராசு வேண்டும்.

கேள்வி: 1790-ஐச் சேர்ந்த காசைச் சோதித்தேன், அடர்த்தி 17.2-தான் வந்தது. போலியா?

பதில்: இல்லை, அதுதான் சரி. ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் காலத்தில் வெளியே சொல்லாமலே மாற்றைக் குறைத்தார்கள். 1772 வாக்கில் 0.917-லிருந்து (22 காரட்) 0.901, 1786-இல் 0.875. எடை மாறவில்லை, தங்கம்தான் குறைந்தது. பழைய 8 எஸ்குடோவில் 24.8 கிராம் தங்கம் என்றால் 1786-க்குப் பிந்தையதில் 23.7 கிராம். தங்க விலையை ஒட்டிப் பேரம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: செயினில் டாலராகக் கோத்துப் போட்ட காசு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வளையத்தை எடுத்துவிட்டால் போதாதா?

பதில்: வளையம் போகும், பற்றவைத்த தடம் போகாது. தடத்தை மறைக்க பாலிஷ் போட்டால் இன்னும் மோசம். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனங்கள் இதற்குத் தர எண் தராமல் ‘குறையுள்ளது’ என்று எழுதிவிடும். இயந்திர அச்சுக் காசாக இருந்தால் ஓர வேலைப்பாட்டைச் சுற்றிலும் பாருங்கள். பெரும்பாலும் 12 மணி நேர்க்கோட்டில்தான் அது மழுங்கியிருக்கும். அணிந்துகொள்ள வாங்குவதானால் தாராளமாக வாங்கலாம்.

கேள்வி: இன்ன கப்பலில் கிடைத்தது என்ற சான்றிதழ் இருந்தால் போதுமா?

பதில்: சான்றிதழில் உள்ள படமும் எடையும் கையிலுள்ள காசோடு பொருந்த வேண்டும். படமில்லாத சான்றிதழ் வெறும் தாள். மூழ்கிய ஸ்பானியக் கப்பலான ‘அட்டோச்சா’வின் பெயரில் விற்பவற்றில், மீட்ட வெள்ளியை உருக்கிப் புதிதாக அடித்த நினைவுப் பொருள்களும் உண்டு. அவை பழங்காசு அல்ல. மூழ்கிய இன்னொரு ஸ்பானியக் கப்பலான ‘மெர்செதெஸ்’-இலிருந்து 2007-இல் எடுத்த காசுகள் நீதிமன்ற உத்தரவுப்படி 2012-இல் ஸ்பெயினுக்கே திரும்பிப் போயின. அவற்றில் ஒன்று என்று யாராவது நீட்டினால், போலியாகவோ திருட்டாகவோதான் இருக்கும்.