எண்ணெய் நாட்டில் இருந்தும் பெட்ரோல் ஏன் ஏறுகிறது?

கேள்வி: ஷார்ஜாவில் தங்கி தினமும் ஜெபல் அலிக்குக் காரில் வேலைக்குப் போகிறேன். உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால் அதை விற்கிற இந்த நாட்டுக்கு லாபம்தானே, எனக்கு மட்டும் பங்க்கில் ஏன் ஏறுகிறது? கச்சா எண்ணெயில் பணம் போட்டால் பெட்ரோல் செலவை ஈடுகட்டலாம் என்று ஒருவர் போனில் சொல்கிறார். போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், போடாதீர்கள்.

லாபம் நாட்டுக்குத்தான், சரி. ஆனால் அது அரசின் கணக்குக்குப் போகும் பணம், அதிலும் எண்ணெய் வளத்தில் பெரும்பகுதி அபுதாபியுடையது. 2015 ஜூலை வரை அமீரகத்தில் பங்க் விலையை அரசே குறைத்து வைத்திருந்தது, ஸ்பெஷல் 95 என்ற பெட்ரோல் ரகம் லிட்டர் 1.72 திர்ஹாம். ஆகஸ்டிலிருந்து உலகச் சந்தையோடு கட்டிவிட்டார்கள், ஒரே நாளில் 2.14 ஆனது. 2022 ஜனவரியில் 2.53 ஆக இருந்தது உக்ரைன் போருக்குப் பின் ஜூலையில் 4.52. ஐம்பது லிட்டர் போட 126 திர்ஹாம் கொடுத்தவர் 226 கொடுத்தார், சம்பளம் மட்டும் அப்படியே இருந்தது. மாதக் கடைசியில் விலையை அறிவிப்பார்கள், அதற்குள் என்னென்ன எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மட்டும் யாருக்கும் மனம் வராது.

சந்தை இறங்கினால் இங்கேயும் இறங்கும், 2022 ஆகஸ்டிலேயே 3.92 ஆனது. ஆனால் 2020ஐ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்த ஏப்ரலில் ஸ்பெஷல் 1.80க்கு வந்து, 2021 பிப்ரவரி வரை அசையாமல் நின்றது. உலகமே முடங்கி எண்ணெய் சீந்துவாரில்லாமல் கிடந்தபோது நமக்கு அதற்கு மேல் ஒரு ஃபில்ஸ் (திர்ஹாமில் நூறில் ஒரு பங்கு) குறையவில்லை, பிறகு சந்தை மெல்ல ஏறியபோது நமக்கு ஏறவும் இல்லை. ஆக முதலில் நஷ்டம், அப்புறம் கொஞ்சம் லாபம். மார்ச்சில் மறுபடி பழையபடி ஆனது.

அடுத்த மாதம் விலை ஏறுகிறது என்று முப்பதாம் தேதி ராத்திரி பங்க்கில் வரிசையில் நிற்பவர்களுக்கும் ஒன்று: லிட்டருக்குப் பத்து ஃபில்ஸ் ஏறினால் ஐம்பது லிட்டருக்கு மிச்சம் ஐந்து திர்ஹாம், அவ்வளவுதான்.

இப்போது அந்தப் போன்காரர். அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெயை வரும் மாதம் ஒன்றுக்கு இப்போதே விலை பேசி வைக்கும் ஒரு முழு ஒப்பந்தம் 1,000 பீப்பாய், அதாவது ஒன்றரை லட்சம் லிட்டருக்கும் மேல். மாதம் 250 லிட்டர் போடுகிறவருக்கு இது எதற்கு? சிறுதொகை போதும், நீங்கள் போடும் ஒரு திர்ஹாமுக்கு நூறு திர்ஹாம் மதிப்புள்ள எண்ணெயை வாங்கலாம் என்பார், அதன் அர்த்தம் விலை ஒரு சதவீதம் எதிர்ப்பக்கம் போனாலே போட்ட காசு காலி. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பூஜ்யத்துக்கும் கீழே, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது, அதாவது விற்பவரே காசும் கொடுக்க வேண்டிய நிலை, பெரிய கைகளே பதறிப்போனார்கள். இப்படிப் போன் செய்பவர்களில் பலர் சந்தைக்கே போவதில்லை, உங்கள் போனில் ஒரு ஆப்பில் லாபம் ஏறுவதாகக் காட்டுவார்கள், எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு, அப்புறம் இன்னொரு கட்டணம் என்பார்கள். தமிழில் "அண்ணே" என்று கூப்பிட்டதும் நம்மவர் என்று இளகிவிடாதீர்கள். உரிமம் இருக்கிறது என்றால் அவர் அனுப்பும் படத்தைப் பார்க்காமல், அமீரகச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் நீங்களே தேடுங்கள்.

ஏற்கெனவே கார்டு எண்ணைக் கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குப் போன் செய்து அதை முடக்குங்கள். எமிரேட்ஸ் ஐடி நகலும் போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.