'ஏசியக் குறை'ன்னா நம்பரக் குறைக்கணுமா, குளிரக் குறைக்கணுமா?

உங்க வீட்லயும் இதுக்கு ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கு, இல்லன்னா இந்தக் கேள்வி வராது. சொல்றவங்க சொல்றது குளிர. செய்யறவன் கையில இருக்குறது ரிமோட், அதுல தெரியறது நம்பர் மட்டும்தான், அவன் அதத்தான் குறைப்பான். அவன் மேல பழி போடாதீங்க.

என் மாமியார் வந்திருந்தப்ப எல்லாரும் ஹால்லதான் படுத்திருந்தோம். "மாப்ள, ஏசியக் கொஞ்சம் குறைங்க"ன்னாங்க. 26ல இருந்துச்சு, 23 வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு "இன்னும் கொஞ்சம் குறைங்க மாப்ள". பெரியவங்களுக்குப் புழுக்கமா இருக்கு போலன்னு 20க்குக் கொண்டுவந்தேன். போர்வைய இழுத்துத் தலையோட மூடிக்கிட்டாங்க, வெளிச்சம் கண்ணக் கூசுதோன்னு ஏசி டிஸ்ப்ளே லைட்டையும் அணைச்சேன், அவ்ளோ அக்கறை எனக்கு. காலைல பொண்ணுகிட்ட "நான் வந்தது மாப்ளைக்குப் புடிக்கல போலடி"ன்னுட்டாங்க. போர்வையப் பாத்தாவது புரிய வேண்டாமான்னு கமெண்ட்ல கெளம்பி வருவீங்க, தெரியும். ஏசியப் போட்டுட்டுப் போத்திப் படுக்காதவங்க மட்டும் வாங்க.

என் மனைவி கட்சி வேற. ஃபேனக் குறைன்னா காத்து குறையுது, டிவியக் குறைன்னா சத்தம் குறையுது, அப்ப ஏசியக் குறைன்னா குளிருதான குறையணும்கிறா. நியாயம்தான். ஆனா மெஷினுங்களுக்கே இதுல ஒத்துமை இல்லையே! நம்ம ஃப்ரிட்ஜ் உள்ள இருக்குற திருகுல நம்பர் ஏற ஏற கூலிங் ஏறும், ஏசில நம்பர் ஏற ஏற குளிரு எறங்கும். ஏசில தெரியற டிகிரிக்குப் பேரு கொடுத்த விஞ்ஞானி செல்சியஸ், 1742ல மொதல்ல போட்ட அளவுல தண்ணி கொதிக்கிறது 0, உறையறது 100. அப்படியே விட்டிருந்தா ஏசியைக் கூட்டுன்னாலும் நம்பரக் கூட்டுன்னாலும் ஒண்ணுதான், பின்னாடி வந்தவங்க தலைகீழாக்கிட்டாங்க.

இதுல என் மச்சான் மாதிரி ஆளுங்க வேற, வெளிய போயிட்டு வந்ததும் "நல்லா கூட்டி வை"ன்னு 16ல போடுவாங்க, சீக்கிரம் ஜில்லுன்னு ஆகுமாம். சாதா ஏசில கம்ப்ரஸர் ஓடினா ஒரே வேகம்தான், அந்த நம்பர் எப்ப நிக்கணும்னு மட்டும்தான் சொல்லும். 24ல வச்சாலும் 24 வர்ற வரைக்கும் அதே வேகம். இன்வெர்ட்டர் ஏசில வேகம் மாறும், ஏசி மெக்கானிக் யாராவது இருந்தா சண்டைக்கு வராதீங்க, நான் சாதாவத்தான் சொல்றேன்.

இப்ப எங்க வீட்ல குறை, கூட்டு ரெண்டுமே கிடையாது. குளிருதுன்னு சொல்லு, இல்ல புழுங்குதுன்னு சொல்லு, மத்தத ரிமோட் வச்சிருக்கவன் பாத்துப்பான்.

அந்த ரிமோட் கையில கெடைச்சாத்தான? கெடைச்சாலும் பேட்டரி இருக்காது, எவனாவது கழட்டி டிவி ரிமோட்டுல போட்டிருப்பான், கேட்டா வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. பேட்டரி மூடியக் காணோம், ரப்பர் பேண்ட் சுத்தி வச்சிருக்கேன், இப்ப அந்த ரப்பர் பேண்டையும் காணோம்.