ஆஸ்பத்திரிக்குள்ளே நம் மொழி எதற்கு?

பழங்குடி மொழி, சிறுபான்மை மொழி எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி, அரச அலுவலகம் வரைக்கும் கொண்டுவர வேண்டுமா, எல்லோரும் பெரும்பான்மை மொழியைப் படித்துக்கொண்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான், அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

என் சித்திக்கு மாதவிடாய் நின்ற பிறகும் இரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. டொக்டருக்குத் தமிழ் தெரியாது, சித்திக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம், பேசிக் கொடுக்கக் கூடப் போனது பள்ளிக்கூடம் படிக்கிற மகன். பெற்ற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லச் சொல்லிவிட்டு, கேஸ்ட்ரிக் மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன், காதில் விழுந்ததற்குத்தானே மருந்து எழுத முடியும். அப்புறம் வேறொரு கிளினிக்கில் தமிழ் பேசுகிற மிஸ்ஸி (தாதி) ஒருவர் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் மெதுவாக விசாரித்ததும் மொத்தக் கதையும் வெளியே வந்தது, அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார்கள். வீட்டுப் பிள்ளையை வைத்துச் சமாளிப்பதெல்லாம் வைத்தியத்தில் சேர்த்தி இல்லை, இதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும்.

சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள், 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அட்டன் இருக்கிற நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்கள்தான். ஆனால் சட்டம் வந்துவிட்டால் வார்ட்டுக்கு ஆள் வந்துவிடுமா? பொலிவியா 2009 அரசியலமைப்பில் 36 பழங்குடி மொழிகளை ஏற்றுக்கொண்டது மட்டுமில்லை, அரச வேலைக்கு வருகிறவர் இரண்டு அரசகரும மொழிகளாவது பேச வேண்டும் என்றும் எழுதி வைத்தது. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவதுதான். இங்கே தோட்டப் பக்கத்துப் பாடசாலைகளில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவே குறைவு, பிறகு எங்கள் பிள்ளைகள் டொக்டராகவும் மிஸ்ஸியாகவும் எங்கிருந்து வருவார்கள்?

பொலிஸிலும் இதே கஷ்டம்தான். நீங்களும் எங்களைப்போல் தோட்டங்கள் இருக்கிற மலையகத்துக்காரர் என்றால், விளங்காத மொழியில் எழுதின முறைப்பாட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மறுத்தால் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், அதையும் தமிழிலேயே எழுதுங்கள்.